எட்டு மூட்டை... ஒரு கிழிஞ்ச சீட்டு!

பௌர்ணமி ராத்திரியில திருவண்ணாமலைக்குப் போயிருக்கீங்களா? போகாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர் பாதை. இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரைக்கும் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். செருப்பு இல்லாமல் நடக்கிற கூட்டம். தமிழ் காதில் விழுகிற அளவுக்குத் தெலுங்கும் கன்னடமும் விழும். வழி நெடுக சுக்குக் காபி, தண்ணி, அன்னதானம்.

இப்போ ஒரு கற்பனை. அந்த ராத்திரி எட்டு லிங்கத்துக்குப் பக்கத்திலேயும் அன்னதானம் நடக்குது. சாப்பிட வர்ற ஒவ்வொருத்தரும் ஒரு சீட்டில் தன் ஊர்ப் பேரை எழுதிப் போட்டுட்டுத்தான் இலையில் உட்காரணும். விடிஞ்சா எட்டு மூட்டை நிறையச் சீட்டு. ‘எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தாங்க? பத்து மணிக்குள்ள கணக்கு வேணும்’னு உங்க தலையில கட்டிட்டாங்க. என்ன பண்ணுவீங்க?

தனியா உட்கார்ந்தா அடுத்த பௌர்ணமி வந்துடும். அதனால ஹாஸ்டல் பசங்க எட்டு பேரைக் கூப்பிடுறீங்க. ஆளுக்கு ஒரு மூட்டை. முதல்ல அவங்கவங்க மூட்டையைப் பிரிச்சு ஊர்வாரியா அடுக்கணும். அப்புறம் எட்டு பேரும் கைமாத்திக்கணும்: சென்னைச் சீட்டெல்லாம் ஒருத்தர்கிட்ட, வேலூர்ச் சீட்டெல்லாம் இன்னொருத்தர்கிட்ட, செங்கம் சீட்டெல்லாம் மூணாவது ஆள்கிட்ட. கடைசியா, ஆளுக்கு ஆள் கையில இருக்கிறதை எண்ணி ஒரு நம்பர் சொல்லணும். அவ்வளவுதான், வேலை முடிஞ்சது.

கையைக் கொடுங்க! ‘டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டா ப்ராசஸிங்’னு சிலபஸில் பயமுறுத்துற விஷயம் இவ்வளவுதான். பிரிச்சு அடுக்கினது மேப். கைமாத்தினது ஷஃபிள். எண்ணினது ரெட்யூஸ். கூகுளைச் சேர்ந்த ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் இரண்டு பேரும் 2004-ல் ‘மேப்ரெட்யூஸ்’ கட்டுரையில் இதைத்தான் எழுதினார்கள். அந்த யோசனையை எடுத்துக்கொண்டு டக் கட்டிங், மைக் கஃபரெல்லா கட்டியதுதான் ஹடூப். கட்டிங்கோட பையன் வைத்திருந்த மஞ்சள் பொம்மை யானையின் பேர் அது! 2009-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மதேய் ஸஹாரியா ஆரம்பித்தது ஸ்பார்க். இன்னைக்குப் பல கம்பெனிகளில் ஓடுவது இதுதான்.

இது எப்படி வேலை செய்யும்னு பாடத்தில் சொல்லிக் கொடுத்துடுவாங்க. பதினாறு மார்க்குக்குப் படமும் வரைஞ்சிடுவீங்க. ஆனா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்கப்போற கேள்வி வேற: ‘இது ஏன் வேலை செய்யலை?’ அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போறோம்.

திரி வெச்ச இடம் வேற, வெடிக்கிற இடம் வேற

செகண்ட் இயரில் எழுதுற சாதா ப்ரோக்ராமில் பத்தாவது வரியில் தப்புன்னா, பத்தாவது வரியில்தான் சிவப்பு எழுத்து வரும். ஸ்பார்க்கில் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஓரமா வைங்க.

ஸ்பார்க் ஒரு கல்யாண சமையல் மாஸ்டர் மாதிரி. சாம்பார், ரசம், கூட்டுன்னு நீங்க சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக் குறிச்சுக்குவார். அடுப்பைப் பத்த வைக்க மாட்டார். ‘பந்தி போடுங்க’ன்னு சொன்னாத்தான் வேலையே ஆரம்பம். நீங்க எழுதுற ஃபில்ட்டர், மேப் எல்லாம் குறிப்பு. ‘எண்ணு’, ‘சேமி’, ‘காட்டு’ன்னு கேட்கிற வரிதான் பந்தி. அதனால அஞ்சாவது வரியில் பருப்புக்குப் பதிலா உப்பை எழுதியிருந்தாலும், நாற்பதாவது வரியில் சாப்பிட உட்காரும்போதுதான் கத்துவீங்க. எர்ரர் நாற்பதைக் காட்டும். குற்றவாளி அஞ்சில் ஹாயா உட்கார்ந்திருப்பான். அதனால எர்ரர் வந்த வரியையே முறைச்சுப் பார்த்துட்டு இருக்காதீங்க. அதுக்கு மேல இருக்கிற ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்கு உரியதுதான்.

அடுத்த சிக்கல், இடம். நீங்க இருக்கிறது இந்திர லிங்கத்துக்கிட்ட. உங்க நண்பர் சீட்டைப் பிரிக்கிறது வருண லிங்கத்துக்கிட்ட. அங்க அவர் வாய்விட்டுப் புலம்பினா உங்களுக்குக் கேட்குமா? ‘பிரிண்ட் போட்டுப் பார்த்தேன், ஒண்ணுமே வரலை’ன்னு சொல்ற எல்லாருக்கும் இதுதான் பதில். அது வந்திருக்கு, உங்க ஸ்க்ரீன்ல இல்லை, அந்த மெஷினோட லாக்கில். முதல் நாளே கத்துக்க வேண்டியது, அந்த லாக் எங்கே கிடைக்கும்ங்கிறதை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. வெளியே ஒரு கவுண்ட்டர் வேரியபிள் வெச்சு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒண்ணு கூட்டச் சொல்றீங்க. முடிவில் பார்த்தா கவுண்ட்டர் பூஜ்யத்துலேயே நிற்கும். காரணம், எட்டு நண்பர்களுக்கும் போனது உங்க கரும்பலகை இல்லை, அதோட நகல். அவங்க நகலில் கூட்டிக்கிட்டே இருக்காங்க. உங்க பலகை அப்படியே இருக்கு. விஷமம் என்னன்னா, லேப்டாப்பில் டெஸ்ட் பண்ணும்போது இது சில சமயம் சரியா வேலை செய்யுற மாதிரியே இருக்கும்! இதுக்குன்னே அக்குமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு. அதையும் முழுசா நம்பிட வேண்டாம். மேப் மாதிரி குறிப்பு வரியில் வெச்சா, ஒரு வேலை திரும்ப ஓடும்போது இரண்டு தடவை கூட்டிடும். பந்தி வரியில் வெச்சாத்தான் ஒரே தடவைக்கு உத்தரவாதம்.

லெஸ்லி லாம்போர்ட் 1987-ல் ஒரு மின்னஞ்சலில் இந்த மாதிரி அமைப்புகளுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். இருக்குதுன்னே உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு கம்ப்யூட்டர் படுத்துக்கும், அதனால உங்க கம்ப்யூட்டரும் உபயோகம் இல்லாமப் போயிடும். அதுதான் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ங்கிறது அதோட சாரம். இந்தத் துறையின் பிதாமகரே இப்படிச் சொல்லியிருக்கார்னா, நீங்க முழிக்கிறதில் தப்பே இல்லை.

நாலு தடவை விழுந்தா

ஒரு நண்பர் மயங்கி விழுந்துட்டார்னு வைங்க. அவர் மூட்டையை இன்னொருத்தர்கிட்ட கொடுப்பீங்க இல்லையா? ஸ்பார்க்கும் ஹடூப்பும் அதையேதான் செய்யும். நீங்க எதையும் மாத்தலைன்னா, ஒரே வேலையை நாலு தடவை முயற்சி பண்ணிப் பார்த்துட்டுத்தான் மொத்தமா கையை விரிக்கும்.

அந்த நாலு தடவைக்குள்ளேயே உங்களுக்கு வேண்டிய துப்பு இருக்கு. நாலு வெவ்வேறு ஆள், நாலு பேரும் அதே மூட்டையில் அதே கிழிஞ்ச சீட்டைத் தொட்டதும் விழுந்தாங்கன்னா, தப்பு ஆள் மேல இல்லை. சீட்டு மேல, இல்லைன்னா ‘சீட்டை இப்படிப் படி’ன்னு நீங்க எழுதிக் கொடுத்த கோடு மேல. ஒருத்தர் விழுந்து இன்னொருத்தர் சுலபமா முடிச்சிட்டார்னா, சீட்டை விட்டுட்டு ஆளைப் பாருங்க. டிஸ்க் நிரம்பியிருக்கலாம், மெமரி போதாமல் இருக்கலாம், நெட்வொர்க் அறுந்திருக்கலாம். ‘எர்ரர் வந்துச்சு சார்’னு சொல்றவருக்கும் ‘நாலு மெஷின்லேயும் ஒரே ரெக்கார்டில் வந்துச்சு சார்’னு சொல்றவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. இரண்டாவது ஆள் பாதி வேலையை முடிச்சுட்டார்.

அப்புறம் அந்தச் சிவப்பு எழுத்து. நூறு வரிக்கு ஓடும். மேலேருந்து படிச்சா தலை சுத்தும். ஊர் வம்பு பத்து வாய் மாறி உங்க காதுக்கு வர்ற மாதிரிதான் அதுவும். முதல்ல சொன்ன வாய் எதுன்னு கண்டுபிடிக்கணும். ‘காஸ்டு பை’னு ஆரம்பிக்கிற வரிகளைத் தேடுங்க, அதில் கடைசியா இருக்கிறது எதுன்னு பாருங்க. அநேகமா அங்கே உங்க ஃபைல் பேரும் வரி எண்ணும் பரிதாபமா உட்கார்ந்திருக்கும்.

சென்னைக்காரரும் செங்கம்காரரும்

சில சமயம் எர்ரர் எதுவும் வராது. 200-ல் 199 வேலை ரெண்டு நிமிஷத்தில் முடியும். மிச்சம் ஒண்ணு மட்டும் மதியச் சாப்பாடு தாண்டியும் ஓடிக்கிட்டே இருக்கும். ஸ்பார்க் எஸ்க்யூஎல்லில் ஷஃபிளுக்கு அப்புறம் 200 பங்காப் பிரிக்கிறது பழக்கம். அதனால இந்த ‘199’ காட்சியை நீங்க கண்டிப்பா ஒரு நாள் பார்ப்பீங்க.

நம்ம மூட்டைக்கு வருவோம். செங்கம் சீட்டை வாங்கினவர் எண்ணி முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டார். சென்னைச் சீட்டை வாங்கினவர் கழுத்து வரை காகிதத்தில் புதைஞ்சு கிடக்கார். இதுக்குப் பேர் ஸ்க்யூ. புதுசா பத்து மெஷின் வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. சென்னைச் சீட்டெல்லாம் ஒரே ஆள்கிட்டதான் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க? மத்த பத்து பேரும் அவங்களோட சேர்ந்து டீ குடிப்பாங்க, அவ்வளவுதான்.

வழி என்ன? சென்னை-1, சென்னை-2, சென்னை-3, சென்னை-4னு சீட்டில் எழுதி நாலு பேருக்குப் பிரிச்சுக் கொடுங்க. கடைசியில் நாலையும் கூட்டிக்கலாம். கம்ப்யூட்டர்காரங்க இதுக்கு ‘சால்ட்டிங்’னு பேர் வெச்சிருக்காங்க. ஸ்பார்க்கின் புதிய பதிப்புகள் ஜாயின் பண்ணும்போது இந்த மாதிரி கனமான பங்கைத் தானே கண்டுபிடிச்சுப் பிரிக்கவும் செய்யும். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ரொம்பப் பெரிய ‘ஊர்’ நிஜமாவே சென்னைதானா? நிறைய சமயம் அது காலிச் சீட்டா இருக்கும்! பேர் எழுதாத சீட்டெல்லாம் ‘நல்’ங்கிற ஒரே ஊருக்குப் போய்க் குவிஞ்சிருக்கும்.

ஸ்க்யூ இல்லாமலும் ஒரு மெஷின் படுத்தலாம். 2004 கட்டுரையிலேயே ஒரு சம்பவம் வருது. மெஷினை ஆரம்பிக்கிற கோடில் இருந்த ஒரு பிழையால் சில கம்ப்யூட்டர்களில் ப்ராசஸரோட கேஷ் மெமரி அணைஞ்சு போச்சு. அந்த மெஷின்கள் எந்த எர்ரரும் கொடுக்கலை. ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது, நூறு மடங்குக்கும் மேல மெதுவா! இந்த மாதிரி சோம்பேறிகளுக்காகவே, கடைசி நேரத்தில் முடியாத வேலையை இன்னொரு மெஷினுக்கும் கொடுத்து, யார் முதலில் முடிச்சாலும் சரின்னு ஏத்துக்கிற ஏற்பாட்டை அவங்க செஞ்சாங்க. அந்த ஏற்பாட்டை நிறுத்திட்டுப் பார்த்தப்போ, அவங்களோட ஸார்ட்டிங் சோதனை முடிய 44 சதவிகிதம் கூடுதல் நேரம் ஆச்சு.

எர்ரரே வராத எர்ரர்

மெதுவா ஓடுறது கூடக் கண்ணுக்குத் தெரியும். நிஜமா பயப்பட வேண்டியது, பச்சை டிக் போட்டுட்டுத் தப்பான விடையைக் கொடுக்கிற ப்ரோக்ராம்.

சீட்டுல ஒருத்தர் ‘திருவண்ணாமலை’ன்னு எழுதியிருப்பார். இன்னொருத்தர் ‘தி.மலை’. மூணாவது ஆள் ‘டி.வி.மலை’. உங்களுக்கு ஒரே ஊர், கம்ப்யூட்டருக்கு மூணு ஊர். ‘வந்தவாசி’க்குப் பின்னாடி ஒரு இடைவெளி விட்டிருந்தா அது நாலாவது ஊர்.

தமிழுக்கே உரிய ஒண்ணும் இருக்கு, குறிச்சுக்கோங்க. ‘கோ’ங்கிற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமா சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியா வைக்கலாம். இல்லைன்னா இரட்டைச் சுழிக் கொம்பு ஒண்ணு, கால் ஒண்ணுன்னு இரண்டா வைக்கலாம். ஸ்க்ரீனில் இரண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி. உள்ளே இரண்டும் வேற. விளைவு, உங்க ரிப்போர்ட்டில் கோயம்புத்தூர் இரண்டு வரியில் வரும். எவ்வளவு முறைச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. குரூப் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ‘நார்மலைஸ்’ பண்ணணும். இதுக்குப் பல மொழிகளில் ரெடிமேடா ஃபங்ஷன் இருக்கு. இங்கிலீஷ் டேட்டாவை மட்டும் பார்த்துப் பழகினவங்களுக்கு இது தோணவே தோணாது. உங்களுக்குத் தோணணும்.

அடுத்து, மயங்கி விழுந்த நண்பர் பாதிக் கணக்கை ஏற்கனவே நோட்டில் எழுதிட்டார். அவருக்குப் பதிலா வந்தவர் முதலேர்ந்து எண்ணி அதே நோட்டில் முழுக் கணக்கையும் எழுதினார். இப்போ பாதி பேர் இரண்டு தடவை! ஒரே வேலை இரண்டு முறை ஓடினாலும் விடை மாறாம இருக்கணும்னு ஆரம்பத்திலேயே திட்டம் போடணும். பழைய பக்கத்தைக் கிழிச்சுட்டுத்தான் புதுப் பக்கம்.

இன்னும் அடிப்படையான ஒண்ணு பாக்கி இருக்கு. கேட்ட கேள்வி ‘எத்தனை பேர்’. நீங்க எண்ணினது சீட்டை. அக்னி லிங்கத்தில் சாப்பிட்டுட்டு வாயு லிங்கத்திலும் ஒரு கை பார்த்தவர் இரண்டு பேரா ஆயிட்டார். எட்டு மூட்டையும் சரி, எட்டு நண்பர்களும் சரி, கூட்டலும் சரி. விடை மட்டும் தப்பு! எந்த மெஷினும் இதைச் சொல்லித் தராது.

குப்பைக்கூடையில யார் இருக்காங்க?

இவ்வளவு நேரம் சொன்னதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்காதீங்க.

ராத்திரி ரெண்டு மணி. ப்ரோக்ராம் ஒரு சீட்டில் மாட்டி மாட்டி விழுது. பொறுமை போச்சு. என்ன பண்ணுவாங்க? ‘படிக்க முடியலைன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போ’ன்னு ஒரு வரி எழுதிடுவாங்க. உடனே எல்லாம் பச்சை! எல்லாரும் தூங்கப் போகலாம்.

அந்த வசதியே தப்புன்னு சொல்லலை. மேப்ரெட்யூஸ் கட்டுரையிலேயே திரும்பத் திரும்ப விழ வைக்கிற ரெக்கார்டைத் தாண்டிப் போகிற வசதி உண்டு. பெரிய புள்ளிவிவரக் கணக்கில் நாலஞ்சு போனாலும் பரவாயில்லைங்கிற இடத்துக்கு அது சரி. கேள்வி என்னன்னா, போனது நாலஞ்சுதானா? போனது யார்?

நம்ம மூட்டையைப் பாருங்க. எந்தச் சீட்டைப் படிக்க முடியலை? தெலுங்கில் எழுதினதை. நீங்க தமிழும் இங்கிலீஷும் மட்டும் படிக்கிற மாதிரி கோடு எழுதினீங்க. அதனால தூக்கிப் போட்டது அங்கொண்ணும் இங்கொண்ணுமா சிதறினது இல்லை. ஆந்திராவிலிருந்து ராத்திரி பூரா பஸ்ஸில் வந்து, வெறுங்காலோட 14 கிலோமீட்டர் நடந்த ஒரு கூட்டமே கணக்கில் காணோம். ரிப்போர்ட்டைப் படிக்கிறவர் என்ன முடிவு பண்ணுவார்? ‘ஆந்திராவிலிருந்து ஆளே வரலை, அந்தப் பக்கம் ஸ்பெஷல் பஸ் தேவையில்லை.’

படிக்க முடியாத டேட்டா சும்மா ஏனோதானோன்னு விழுறதில்லை. பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்களோடதுதான் விழும். அப்பா பேரோட முதல் எழுத்தை மட்டும் இனிஷியலா வெச்சுக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் ‘லாஸ்ட் நேம் கட்டாயம்’னு சொல்ற ஃபாரத்தில் மாட்டிக்கிறாங்களே, அந்த மாதிரி. ஃபாரம் எழுதினவருக்கு அது ஒரு ‘தப்பான ரெக்கார்டு’. மாட்டினவருக்கு அது ஸ்காலர்ஷிப்.

இது வெறும் கற்பனைன்னு நினைச்சா, நிஜத்தில் நடந்ததைக் கேளுங்க. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 கொரோனா நோயாளிகள் கணக்கில் வராமல் போனார்கள். காரணம், சோதனைக்கூட முடிவுகளைச் சேர்க்கப் பழைய எக்ஸெல் ஃபைல் வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது. அதுக்கு மேல வந்தவங்க சத்தமே இல்லாமல் விழுந்துட்டாங்க. அவங்களுக்குத் தங்களோட ரிசல்ட் தெரியும். ஆனா அவங்க யார் யாரோட பழகினாங்கன்னு தேடிப் பிடிச்சு எச்சரிக்கிற வேலை தாமதமாச்சு. ஒரு எர்ரர் மெசேஜ் வந்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருக்கலாம்.

நம்ம மாநிலத்திலும் அதே வருஷம் ஒரு டீபக்கிங் நடந்தது. கம்ப்யூட்டர் க்ளஸ்ட்டர் இல்லை, ஆனா தத்துவம் ஒண்ணுதான். சென்னையில் கொரோனா மரணங்களை மாநில சுகாதாரத் துறையும் பட்டியல் போட்டது. மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் தனியா இருந்தது. ஒரே ஊர், இரண்டு நோட்டு. இரண்டும் ஒத்துப்போகலைன்னு கேள்வி எழுந்தது. ஒரு குழு உட்கார்ந்து பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. 2020 ஜூலை 22-ல், விட்டுப்போன 444 மரணங்களை அரசு கணக்கில் சேர்த்தது. கவனிங்க, எந்தப் பட்டியலும் தனியா நின்னு ‘நான் தப்பு’ன்னு சொல்லலை. பக்கத்தில் இன்னொரு நோட்டை வெச்சுப் பார்த்தப்போதான் தெரிஞ்சது. அந்த 444-ல் ஒவ்வொண்ணும் ஒரு வீடு.

சரி, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ஒண்ணு, சின்னதாக்குங்க. பத்து லட்சம் சீட்டில் ஒரு கெட்ட சீட்டு இருக்குன்னா பத்து லட்சத்தையும் படிக்க வேண்டாம். பாதியாப் பிரிங்க. எந்தப் பாதி விழுதோ அதை மறுபடி பாதி. இருபது தடவைக்குள்ள அந்த ஒத்தைச் சீட்டு உங்க கையில இருக்கும். சந்தேகம்னா இரண்டை இருபது தடவை பெருக்கிப் பாருங்க, பத்து லட்சத்தைத் தாண்டிடும்.

ரெண்டு, ஒரே மெஷினுக்குக் கொண்டு வாங்க. நூறு மெஷின் க்ளஸ்ட்டர் இருந்தாத்தான் இதைக் கத்துக்க முடியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஸ்பார்க்கை ஒரே லேப்டாப்பில் லோக்கல் மோடில் ஓட்டலாம், காசும் கிடையாது. கூகுள்காரங்களே மேப்ரெட்யூஸை டீபக் பண்ண, எல்லா வேலையையும் ஒரே மெஷினில் வரிசையா ஓட்டுற தனிப் பதிப்பு ஒண்ணு வெச்சிருந்தாங்க. எட்டு மூட்டையில் கண்டுபிடிக்க முடியாத தப்பு, ஒரு கைப்பிடிச் சீட்டில் பளிச்சுன்னு தெரியும். ஆனா ஞாபகம் இருக்கட்டும்: லாக், மெமரி, ஸ்க்யூ விவகாரமெல்லாம் லேப்டாப்பில் தலைகாட்டாது. அதுக்கு க்ளஸ்ட்டருக்குத்தான் போகணும்.

மூணு, எல்லாத்தையும் வாரி உங்க மடியில கொட்டிக்காதீங்க. ‘கலெக்ட்’னு ஒரு கட்டளை இருக்கு. அது எட்டு மூட்டையையும் உங்க மேஜைக்குக் கொண்டு வந்துடும். மேஜை உடையும், ‘மெமரி போதலை’ன்னு எர்ரர் வரும். பார்க்கணும்னா இருபது சீட்டை மட்டும் கேளுங்க.

நாலு, கணக்கு டேலி ஆகணும். மளிகைக்கடை அண்ணாச்சி ராத்திரி கல்லாவை எண்ணாமல் ஷட்டரை இறக்குவாரா? உள்ளே போன சீட்டு எத்தனை, எண்ணப்பட்டது எத்தனை, தள்ளுபடி ஆனது எத்தனை? பின் இரண்டையும் கூட்டினா முதல் நம்பர் வரணும். ஒவ்வொரு கட்டத்திலும் இதைப் பாருங்க. எந்தக் கட்டத்தில் உதைக்குதோ, தப்பு அங்கேதான்.

அஞ்சு, தள்ளுபடிச் சீட்டுக்குத் தனி மூட்டை. ஸ்பார்க்கில் ஒரு ஃபைலைப் படிக்கும்போது மூணு விதமா சொல்லலாம். கெட்ட வரியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போடலாம். கெட்ட வரி வந்ததும் அப்படியே நிறுத்தச் சொல்லலாம். இல்லைன்னா கெட்ட வரியைத் தனிக் காலத்தில் பத்திரமா வைக்கச் சொல்லலாம். கத்துக்கும்போது இரண்டாவது, நிஜ வேலையில் மூணாவது. முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறவர் ஏன்னு காரணம் எழுதி வைக்கணும். வாரம் ஒரு தடவையாவது அந்த மூட்டையைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற பேர்களைக் கண்ணால் படிங்க. எண்ணிக்கையைப் பார்த்தா மட்டும் போதாது. ஒரே ஊர்க்காரங்களா இருக்காங்களா, ஒரே மொழியா, ஒரே மாதிரி பேரான்னு பாருங்க.

ஆறு, இன்னொரு நோட்டு. உங்க விடையை வேற வழியில் வந்த ஒரு எண்ணோட ஒப்பிடுங்க. சமையல்காரர்கிட்ட எத்தனை இலை போச்சுன்னு கேட்டாலே பாதிக் குட்டு வெளிப்பட்டுடும்.

இந்த வாரம் ஹாஸ்டலில் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்க. ஆயிரம் ஊர்ப் பேரை ஒரு ஃபைலில் போடுங்க. அதுக்குள்ள அஞ்சு திருடனை ஒளிச்சு வைங்க: ஒரு காலி வரி, ஒரு பின்னாடி இடைவெளி, ஒரு இரட்டைக் ‘கோ’, ஒரு தெலுங்குப் பேர், இரண்டு தடவை வந்த ஒரே சீட்டு. ஃபைலை ரூம்மேட்டுக்குக் கொடுத்து ஊர்வாரியா எண்ணச் சொல்லுங்க. அவர் ப்ரோக்ராம் பச்சை டிக் போட்டதும் கையைத் தட்டிடாதீங்க, ‘ஆயிரம் உள்ளே போச்சே, எத்தனை வெளியே வந்துச்சு?’ன்னு மட்டும் கேளுங்க. அஞ்சு பேரையும் பிடிச்சுட்டார்னா, சுக்குக் காபி உங்க செலவு!